ஏட்டு முன்னால் கழற்றிய டர்போ

வெள்ளை எனாமல் தட்டு ஒன்று. அதில் முக்கால் அளவு தண்ணீர். பட்டறை வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த டிரம் மேல் அதை வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

வலது பக்கம் போலீஸ் ஏட்டு. அவருக்குப் பக்கத்தில் லாரி முதலாளி வேதரத்தினம். எதிரே, அந்த லாரியின் டிரைவர் கலியமூர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு. கலியமூர்த்தியின் அப்பா பக்கிரிசாமி மட்டும் கொஞ்சம் தள்ளிச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் விரல் நுனியில் ஒரு சிட்டிகை கறுப்பு அழுக்கு. லாரியின் டர்போவுக்குள்ளிருந்து சுரண்டி எடுத்தது. அது மண் என்றால் கலியமூர்த்தி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மண் இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

விஷயம் அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

புகை ஊதும் ஊதுகுழல்

குவைத்தில் ஒன்பது வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்துவிட்டு மன்னார்குடிக்குத் திரும்பி வந்து தஞ்சாவூர் சாலையில் பட்டறை போட்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு அம்மா, "டர்போ டர்போ என்கிறீர்களே, அது என்ன என்று சொல்லாமலே போகிறீர்களே" என்று கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அடுப்பில் விறகு சரியாக எரியாவிட்டால் ஊதுகுழலை வைத்து ஊதுகிறோம் அல்லவா, டீசல் எஞ்சினுக்கு டர்போ அந்த வேலையைச் செய்கிறது. ஒரே தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு சின்னக் காற்றாடிகள். வெளியே போகிற புகை ஒன்றைச் சுற்றிவிடும். அது சுற்றினால் மற்றதும் சுற்றும். மற்றது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அடிக்கும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஆனால் சுற்றுகிற வேகம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால்தான் அதற்குள் ஒரு தூசி போனாலும் ஆபத்து.

டர்போ வைத்த லாரிகள் நம் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருந்தன. பல பட்டறைகளில் அதைத் தேவையில்லாத சாமான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கோளாறு வந்தால் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்து அனுப்புவார்கள். வண்டி மேட்டில் முக்கும், பாலத்தில் முனகும். "டெல்டாவுல ஏதுங்க மேடு?" என்று பதில் சொல்லுவார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆகவே டர்போ என்றால் மன்னார்குடி பாய் என்று ஒரு பெயர் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இந்தப் பெருமை இந்தக் கதைக்கு முக்கியம், அதனால் சொல்லிவைக்கிறேன்.

வேதரத்தினமும் அவர் வேட்டிகளும்

வேதரத்தினம் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் ஆட்சியில் இருப்பது யார் என்று பார்த்துவிட்டு வேட்டி எடுத்துக் கட்டுகிறவர், அவ்வளவுதான். கட்சிக்கரை போட்ட வேட்டி அவரிடம் ஒரு பீரோ நிறைய இருந்தது. தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. ஒரே மாதத்தில் அவர் வேட்டிக் கரையும் மாறியது. கடைத்தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "என்னங்கய்யா, புதுசு கட்டியிருக்கீங்க" என்று கேட்டால், "காலம் மாறுதுல்ல பாய்" என்று சிரிப்பார்.

ஆட்சி மாறியதில் அவருக்குக் கிடைத்தது ஒரு கோயில் குத்தகை. அந்த ஏழு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலை, முப்பது வருஷமாகப் பயிர் செய்து வந்தவர் பக்கிரிசாமி. குத்தகை அவர் பெயரில் பதிவாகவில்லை என்று காரணம் சொல்லி, ஏலம் விட்டு, வேதரத்தினம் பெயருக்கு மாற்றினார்கள். பக்கிரிசாமி விடவில்லை. வழக்குப் போட்டுவிட்டு, வழக்கு நடக்கும்போதே வழக்கம்போல உழுது நாற்று நட்டார். களை எடுத்தார். கதிர் முற்றியதும் வேதரத்தினம் போலீஸ் காவலோடு ஆள் இறக்கி அறுத்துவிட்டார்.

டெல்டாவில் இது புதுக்கதை இல்லை. ஒருவர் நட, இன்னொருவர் அறுக்க, நடுவில் போலீஸ் நிற்க, எங்கள் தாலுகாவிலேயே நான் மூன்று நான்கு பார்த்திருக்கிறேன். இதில் புதுசு என்னவென்றால், அறுத்த நெல்லை ஏற்றிக்கொண்டு போக வந்த லாரியின் டிரைவர், நட்டவரின் மகன்.

கலியமூர்த்தி குத்தகைத் தகராறுக்கு முன்பே வேதரத்தினத்திடம் வேலைக்குச் சேர்ந்தவன். தகராறு வந்த பிறகும் வேலையை விடவில்லை. இரண்டு பிள்ளைகள், வேறு வேலை கிடையாது. அன்றிலிருந்து அப்பன் மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே தெருவில் வீடு. ஒரு வருஷம் பேச்சு இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். கலியமூர்த்தி எஞ்சினுக்கு ஆயில் மாற்ற வரும்போது சொல்லியிருக்கிறான்.

என் வாய்

மாசி மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். நெல் மூட்டை ஏற்றிய லாரியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை முன்னால் விட்டார்கள். மேலே தார்ப்பாய். அவ்வளவும் பக்கிரிசாமி நட்ட நெல்.

பக்கிரிசாமியின் ஊர் வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது வண்டி கரும்புகையாகக் கக்கி, பிறகு நீலப்புகை விட்டு, இழுக்க முடியாமல் நின்றிருக்கிறது. அதுவும் சரியாக அந்த ஊர்ப் பாலத்தில். ஊர்ஜனம் கூடிவிட்டது. நெல்லை இறக்கு என்று ஒரு சத்தம், போலீஸைக் கூப்பிடு என்று ஒரு சத்தம். எப்படியோ இழுத்துக்கொண்டு தப்பி வந்திருக்கிறார்கள்.

நான் பானெட்டுக்குள் தலையை விட்டு, டர்போவுக்குக் காற்று வரும் ரப்பர் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். விரல் பூரா ஆயிலும் நறநறப்பும்.

"உள்ள மண்ணு போயிருக்குங்க" என்றேன்.

இதைச் சொல்வதற்கு நான் யோசிக்கவே இல்லை. குவைத்தில் பத்து டர்போவைக் கழற்றினால் ஒன்பதில் மணல் இருக்கும். பாலைவனத்தில் ஒன்பது வருஷம் இருந்தவன் விரலில் நறநற என்றதும் மணல் என்றுதான் சொல்லுவான். ஆனால் நான் நின்றுகொண்டிருந்தது மன்னார்குடியில்.

வேதரத்தினம் என் பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"என்ன சொன்னீங்க பாய்? மண்ணா? எஞ்சின்ல மண்ணு எப்புடிங்க போவும்?" குரல் ஏறியது. கலியமூர்த்தி பக்கம் திரும்பினார். "ஏண்டா, உங்கப்பன் ஊரு பாலத்துல வண்டி நிக்கிறப்பவே நெனச்சேன். மண்ண அள்ளிக் கொட்டிட்டியா?"

"அய்யா, சத்தியமா இல்லீங்க."

"ஒனக்கு இத்தன வருசமா சோறு போட்டேன்டா."

"அய்யா, நான் ஒண்ணும் பண்ணலீங்க."

வேதரத்தினம் எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனார். கால் மணி நேரத்தில் ஏட்டு வந்து என் பட்டறையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆளும் கட்சி ஆள் போன் போட்டால் அப்படித்தான் வருவார்கள். "மெக்கானிக்கு சொன்னாராமே" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. என் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையில் ஒருத்தன் உள்ளே போகப் போகிறான்.

"ஏட்டய்யா, நான் கழட்டிப் பாக்காம சொல்லிட்டேன். கழட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லணும். மத்தியானம் வரைக்கும் டயம் கொடுங்க."

"சரி, கழட்டுங்க. ஆனா அவன் எங்கயும் போவப்படாது."

கழற்றியது

டர்போ ஆற வேண்டும். சூட்டோடு நட்டைத் திருகினால் போல்ட் முறிந்து கையோடு வரும். ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆயில் வரும் குழாய், ஆயில் இறங்கும் குழாய், இரண்டையும் கழற்றித் தூசி போகாமல் துணியால் வாயைக் கட்டினேன். புகைக்குழாய்ப் பக்கம் நான்கு நட்டும் துருப்பிடித்துப் போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி எடுக்க முக்கால் மணி நேரம்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, காற்றாடியை விரலால் சுற்றிப் பார்ப்பது. தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு தண்டை மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆடும், ஆடத்தான் வேண்டும். ஆனால் காற்றாடியின் இறக்கை உறையில் உரசக்கூடாது. உரசவில்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது.

மணல் போயிருந்தால் இறக்கைகளின் ஓரம் எலி கொறித்த மாதிரி இருக்கும். அதை நான் நூற்றுக்கணக்கில் பார்த்தவன். இதில் ஓரங்கள் புதுக் கத்தி போல இருந்தன. ஆனால் இறக்கைகளுக்கு நடுவே கறுப்பாகக் கெட்டியான ஒரு பிசின் அப்பியிருந்தது. புகைப் பக்கத்துக் காற்றாடியில் கரி.

உறைகளைப் பிரிக்கும் முன் எது எங்கே உட்கார்ந்திருந்தது என்று உளியால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கரி பிடித்ததை டீசலில் ஊறப் போட்டேன். காற்றுப் பக்கத்து இறக்கை அலுமினியம், அதில் கம்பி பிரஷ் பட்டால் போச்சு. மூங்கில் குச்சியைச் சீவி, அதனால் அழுக்கை நெம்பி, பல் துலக்கும் பிரஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். நெம்பிய அழுக்கை எறியாமல் ஒரு காகிதத்தில் சேர்த்து வைத்தேன்.

கலியமூர்த்தி பக்கத்தில் குந்தியிருந்தான்.

"மொள்ளமாவே பாருங்க பாய். அவசரமில்ல" என்றான்.

பாகம் கெட்டுவிடப் போகிறதே என்று பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஏட்டு உட்கார்ந்திருக்கும்போது அவசரமில்லை என்று யாராவது சொல்வார்களா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணமான ஆள் பத்து நிமிஷத்துக்கு முன்னால் பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தார். பக்கிரிசாமி. எட்டு மைல் சைக்கிள் மிதித்து, ஹேண்டில்பாரில் தூக்குவாளி மாட்டிக்கொண்டு. வந்ததும் வேதரத்தினத்தைப் பார்க்கவில்லை, ஏட்டைப் பார்க்கவில்லை. நேரே மகனிடம் போய், "சாப்புட்றா" என்றார்.

ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் சாப்பிட்டான். அவர் நின்றுகொண்டு அவன் சாப்பிடுவதையே பார்த்தார்.

பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஊரே சொல்லுது பாய். பக்கிரிசாமி மொவன் பாலத்துல வண்டிய நிறுத்திப்புட்டான்னு. நான் அவனத் தப்பா நெனச்சிருந்தேன்."

அவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் டர்போவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். "நீங்க கவலைப்படாதீங்க. உங்க புள்ள மேல பழி வராம நான் பாத்துக்கறேன்."

அவர் சைக்கிளிடம் போய் நின்றார்.

தட்டு

இனி முதலில் சொன்ன தட்டுக்கு வரலாம்.

காகிதத்தில் சேர்த்த அழுக்கை மண்ணெண்ணெயில் கரைத்து, மெல்லிய துணியில் வடித்து, ஆயில் போக அலசினேன். மிஞ்சியது ஒரு சிட்டிகை. "ஏட்டய்யா, மண்ணுன்னா அடியில போய்த் தங்கும். பாருங்க" என்று சொல்லித் தண்ணீரில் உதிர்த்தேன்.

அவ்வளவும் மிதந்தது.

ஏட்டு குனிந்து பார்த்தார். "என்னது இது?"

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் என் வாயால் சொன்னால் எடுபடாது, ஏற்கெனவே ஒரு முறை உளறியவன். நெல்லை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தார். அந்த யோசனை வந்ததற்கு என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

"பக்கிரிசாமி அண்ணே, இங்க வாங்க. இது என்னன்னு ஏட்டய்யாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் வந்தார். ஒற்றை விரலால் தண்ணீரில் மிதந்ததை ஒற்றி எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. சாதாரணமாகத் தேவைப்படுவதைவிட அதிக நேரம்.

"சுணைங்க" என்றார். "நெல்லுச் சுணை. மண்ணு இல்ல."

கதிர் அடிக்கும்போது பறந்து உடம்பெல்லாம் அரிக்கவைக்கும் அந்தத் தூளைத் தெரியாதவர் டெல்டாவில் கிடையாது. ஏட்டும் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைதான். தலையாட்டினார்.

வேதரத்தினம் விடவில்லை. "சுணை எப்புடி உள்ள போவும்? பில்டரு இருக்குல்ல? இவந்தான் பில்டரக் கழட்டி வெச்சிருக்கான்."

அதையும் பார்த்துவிடுவோம் என்று காற்று வடிகட்டியைத் திறந்தேன். வடிகட்டி இருந்தது, ஆனால் ஒரு பக்கம் அமுங்கி, ஓரத்து ரப்பர் வளையம் உள்ளே மடிந்துபோயிருந்தது. எது அப்படி அமுக்கியது என்று காற்று உள்ளே வரும் குழாயில் கையை விட்டேன். வளைவில் துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்குமேல் வேட்டித் துணி, ஆயிலும் சுணையுமாக. கடைசியில் கரை வந்தது.

போன ஆட்சியின் கரை.

ஏட்டு முதலில் கரையைப் பார்த்தார், பிறகு வேதரத்தினத்தைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். போலீஸ்காரர் சிரிப்பை அடக்குவது லேசான காரியம் இல்லை.

"சுணை உள்ள போவக்கூடாதுன்னுதான்யா கட்டுனேன்" என்றார் வேதரத்தினம். குரலில் பாதிதான் இருந்தது. "கட்டாம சும்மா கெடந்த பழைய வேட்டி. கிழிச்சு, வாயில ரெண்டு மடிப்பா கட்டிவுட்டேன். காபந்து பண்ணதுதானே?"

நல்ல எண்ணம்தான். களத்தில் தூற்றும்போது வண்டியில் பேட்டரி பலவீனம் என்று எஞ்சினை அணைக்கவும் இல்லை. மூன்று மணி நேரம் அந்தச் சுணைப் புழுதியில் ஓடிக்கொண்டே நின்றிருக்கிறது. துணியில் சுணை அப்பி, காற்று வரும் வழி அடைபட்டு, மூச்சு முட்டிய எஞ்சின் துணியையே உள்ளே இழுத்துவிட்டது. இழுத்த இழுப்பில் டர்போவின் ஆயிலும், அதைத் தடுத்து நிறுத்தும் சீல் வளையத்தைத் தாண்டிக் கசிந்தது. கசிந்த ஆயிலில் உள்ளே போன சுணை ஒட்டிக் கெட்டிப்பட்டது. பாலத்து ஏற்றம் வந்ததும் படுத்துவிட்டது.

இதையெல்லாம் நான் உரக்க, விரல்விட்டு எண்ணி, எல்லோருக்கும் விளங்கும்படி விளக்கினேன். எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டார்கள். "ஆக, கலியமூர்த்தி இந்த வண்டியில ஒரு திருகுகூடத் தொடல. அவனுக்கும் வண்டி நின்னதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று முடித்தேன். கைதட்டாத குறை.

ஏட்டு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேதரத்தினம், "சீக்கிரம் மாட்டுங்க பாய், மழை வர்றாப்புல இருக்கு. நான் ரைஸ் மில்லுல இருக்கேன்" என்று மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

பக்கிரிசாமி மகனிடம் வந்தார். மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப நீ நிறுத்தலையா?"

கலியமூர்த்தி என்னைப் பார்த்தான். அப்போதுதான், ஆமாம், அவ்வளவு நேரம் கழித்து அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கிரிசாமி பயந்துகொண்டு வந்திருக்கவில்லை. சந்தோஷமாக வந்திருந்தார்.

"இல்லப்பா. அதுவா நின்னுது" என்றான் கலியமூர்த்தி.

மாட்டியது

டர்போவைத் திரும்ப மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. கோடு பார்த்து உறைகளைச் சேர்த்தேன். ஆயில் துவாரத்தில் ஒரு கரண்டி ஆயில் விட்டு விரலால் சுற்றினேன். உலர்ந்த தண்டோடு ஸ்டார்ட் செய்தால் அரை நிமிஷத்தில் செத்துப் போகும். புது கேஸ்கட், புது வடிகட்டி. இதையெல்லாம் கை தானாகச் செய்தது.

பக்கிரிசாமி போய்விடவில்லை. லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தார், மகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நடுவில் காற்றடித்துத் தார்ப்பாயின் ஒரு மூலை பிய்த்துக்கொண்டது. வானம் இருட்டியிருந்தது. அவர் எழுந்து சக்கரத்தில் கால் வைத்து ஏறி, மூலையை இழுத்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். நெல் நனையக் கூடாது. யார் மில்லுக்குப் போனால் என்ன, நனையக் கூடாது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டேன். புகை இல்லை. கசிவு இல்லை. காதுக்கு இனிமையான விசில். வேறு ஒரு நாளாக இருந்தால் அதைக் கேட்டு ஒரு சிகரெட் பற்றவைத்திருப்பேன்.

அந்தச் சத்தம் கேட்டதும் பக்கிரிசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையில் ஏறினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கலியமூர்த்தி கேபினில் ஏறக் கால் வைத்தவன், இறங்கி என்னிடம் வந்தான்.

"மன்னிச்சுக்கப்பா, எனக்குத் தெரியல" என்றேன்.

"ஏட்டுகிட்ட ரெண்டு அடி வாங்கியிருப்பேன் பாய்" என்றான். "அவ்ளோதானே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தைக்கிறது. ஏறி கியர் போட்டான். மில்லுக்குப் போகும் வழியும் பக்கிரிசாமி ஊருக்குப் போகும் வழியும் ஒன்றுதான். நூறு கஜத்தில் சைக்கிளை எட்டிவிட்டான்.

சாலை அகலம்தான். எதிரே வண்டி எதுவும் இல்லை. அவன் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. முன்னால் அவர் திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனார். பின்னால் முழு லோடு லாரி, அவர் மிதிக்கும் வேகத்திலேயே ஊர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் இரண்டையும் சேர்த்து முந்திக்கொண்டு போனது.

வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வேகத்துக்கு டர்போவே தேவையில்லை.